ஒருநாள் விட்டு ஒருநாள்

பங்குனி பிறந்து நான்காம் நாள். மாலை நான்கு மணி இருக்கும். காற்று சன்னல் கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்ததால் கொக்கி மாட்டிவிட்டு, மறுநாள் கட்டுப் போட வேண்டிய காஸ் துணிகளை வெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் பாக்கியம் அக்காவின் பெயர் வந்தது. எடுத்து, "சொல்லுங்கக்கா" என்றேன். பேசியது அக்கா இல்லை. ஓர் ஆணின் குரல்.

"அக்கா, நீங்க யாரு பேசுதீக? இந்தப் போன்ல கடைசியா உங்க நம்பருக்குத்தான் பேசியிருக்காக, அதான் அடிச்சேன். நான் டிராக்டர் ஓட்டுறவன். ஆமத்தூர் தாண்டி ரோட்டோரத்துல ஒரு அம்மா உக்காந்தமேனிக்கே இருக்காக. கூப்பிட்டுப் பாத்தேன். அசையல."

"மூச்சு இருக்கான்னு பாருங்கண்ணே" என்றேன்.

அவர் "சீக்கிரம் வாங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நான் எதுவும் புதிதாகச் சொல்லப்போவதில்லை. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். சிவகாசிக்கு வெளியே, தீக்காயம் பட்டவர்களுக்கென்று ஒரு சிறு மருத்துவமனை இருக்கிறது. பாக்கியம் அக்கா அதில் செவிலி. நான் மருந்தகத்தில் இருக்கிறேன். பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆலையிலோ உடம்பு வெந்து, பெரிய ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்து வீடு திரும்புகிறவர்களுக்கு, அதன் பிறகுதான் நீண்ட பாடு. ஒருநாள் விட்டு ஒருநாள் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட வேண்டும். விரல்கள் மடங்கிப்போகாமல் நீட்டி மடக்கிப் பழக்க வேண்டும். பேருந்து ஏறி வர அவர்களால் முடியாது. சிலர் முடிந்தாலும் வர மாட்டார்கள். நாலு பேர் பார்ப்பார்களே என்று இருப்பார்கள். அவர்களுடைய வீடுகளுக்குப் பாக்கியம் அக்கா சைக்கிளில் போய்வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தார்.

அக்காவின் பெற்றோர் கூலிக்குக் களையெடுத்தவர்கள். அக்காவும் சின்ன வயதில் தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்கியிருக்கிறார். பிறகுதான் படித்து இந்த வேலைக்கு வந்தார். இந்த வேலையை ஏன் எடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். மனதைத் தொடுகிற மாதிரி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "வேற யாரும் கூப்புடல புள்ள" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார்.

நான் சேர்ந்த வருடம் மருத்துவமனையில் அவருக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் பழகினார். மூன்றாம் நாள் காம்பவுண்டுச் சுவரோரம் இருந்த அரளிச் செடிக்குள் வண்டியோடு போய்விட்டார். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அதைத் தானே துடைத்துக்கொண்டு சொன்னார்: "சைக்கிள்னா என் கால் சொன்னத மட்டுந்தான் கேக்கும். இது எங்கிட்டு எங்கிட்டோ கேக்குது. எனக்கு வேண்டாம்யா." அந்த ஸ்கூட்டரில்தான் இப்போது நான் வேலைக்கு வருகிறேன்.

மாசியும் பங்குனியும் எங்கள் பக்கத்தில் எப்படி இருக்கும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் பனி இறங்கி, எதிரே வருகிற லாரி முகவிளக்கைப் போட்டுக்கொண்டு வரும். அக்கா கம்பளிச் சட்டை போட்டு, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு கிளம்புவார். ஒன்பது மணிக்கெல்லாம் அந்தச் சட்டை கேரியரில் இருக்கும். பத்து மணிக்குத் தார் ரோடு காய்ந்துவிடும். மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று கிளம்பிப் புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். எப்போதாவது ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் இடி மின்னலோடு மழை வந்து இறங்கும். மின்னல் வெட்டினால் ஆலைகளில் எல்லாரையும் வேலையை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். ரோட்டில் போகிறவரை யாரும் எங்கேயும் அனுப்ப மாட்டார்கள்.

"இந்த ரெண்டு மாசமும் காலையில சொன்ன பேச்சு சாயங்காலம் கிடையாது புள்ள. நம்பி ஒரு துணி காயப்போட முடியாது" என்பார் அக்கா.

ஆனாலும் அந்த இரண்டு மாதங்களில்தான் அவர் ஒருநாள்கூடத் தவற விடமாட்டார். அதற்குக் காரணம் உண்டு. வெந்து ஆறின தோலுக்கு வேர்வையை வெளியே விடத் தெரியாது. வெயில் ஏறினதும் கட்டுக்குள் புழுங்கும், அரிக்கும். தாங்க முடியாமல் சொறிந்துவிடுவார்கள். புண் மறுபடி திறந்துகொள்ளும், சீழ் வைக்கும். "ஐப்பசி மழையில ஒருநாள் தவறினா மறுநாள் பாத்துக்கலாம். பங்குனியில தவறினா திரும்ப முதல்ல இருந்து" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பேச்சியம்மாளின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லலாம் என்று பேச்சியம்மாளே எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. பேச்சியம்மாளுக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். சரவெடி பின்னுகிற அறையில் வேலை. ஓர் ஆலை விபத்தில் இரண்டு கைகளும் கழுத்தும் வெந்துபோயின. உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். வந்த பிறகு படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. விரல்களை அசைக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாமியார்தான் சோறு ஊட்டினார். அவருடைய ஊருக்குப் பிரதான சாலையிலிருந்து பிரிந்து கரிசல் காட்டுக்குள் இரண்டு மைல் போக வேண்டும். அக்கா மாசி முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் போனார். புண் ஆறிக்கொண்டு வந்தது. விரல்கள் மட்டும் இறுகிக்கொண்டே போயின.

பங்குனியில் ஒருநாள். காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அக்கா குடைகூட எடுக்கவில்லை. பிரதான சாலையை விட்டு இறங்கிப் பாதித் தூரம் போயிருக்கிறார், மேற்கே கறுத்தது. ஐந்து நிமிடத்தில் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. ஒதுங்க ஒரு கூரை கிடையாது. மின்னலுக்குப் பயந்து மரத்தடிக்கும் போகவில்லை. சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு, கட்டுத்துணிப் பையை மடியில் வைத்து, அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார். கல்மழை முதுகில் விழுந்து நின்றது. பிறகு தண்ணீர் மழை பிடித்துக்கொண்டது.

கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று தெரியும்தானே. பத்தடி தள்ளினால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சேறு அப்பிச் சக்கரம் நின்றுவிடும். குச்சியால் குத்தி எடுத்துவிட்டுத் தள்ளினால் மறுபடி பத்தடி. அக்கா மூன்று தடவை குத்தி எடுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

அக்கா இதை எங்களிடம் சொன்னபோது சிரிப்பாகத்தான் சொன்னார். "ஊருக்குள்ள போறேன், நாய் பூராவும் குலைக்குது. சைக்கிள் ஆளு மேல ஏறி வாரத அதுக எங்க பாத்திருக்கும்?" என்றார். வீட்டுக்குள் நடந்ததைப் பற்றி, "பேச்சி கை அசைச்சிட்டா" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. அதை வெகுகாலம் கழித்துப் பேச்சியம்மாள்தான் எனக்குச் சொன்னார்.

"வீட்டுல யாரும் இல்லக்கா. அத்தை காட்டுக்குப் போயிருந்தாக. நான் கட்டில்ல கெடக்கேன். வாசல்ல சைக்கிள டப்புனு போட்ட சத்தம். பாத்தா, தலையில இருந்து கால் வரைக்கும் சேறு. உதடெல்லாம் வெளிறிப்போயி வெடவெடன்னு நடுங்குறாக. 'ஏத்தா பேச்சி, ஒரு செம்பு தண்ணி ஊத்து. கை சேறாக் கெடக்கு, பையத் தொட முடியாது'ன்னாக. 'என்னால செம்பு பிடிக்க முடியாதுக்கா'ன்னேன். அவுக கோவிக்கல. 'எனக்கும் முடியலத்தா'ன்னு சொல்லிட்டு, அந்தப் படியிலயே உக்காந்துட்டாக. அழுதாக அக்கா. பாக்கியம் அக்கா அழுது நான் பாத்தது அன்னைக்கு மட்டுந்தான்."

பேச்சியம்மாள் எழுந்துபோனார். விரல்கள் மடங்காததால் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் செம்பை இடுக்கித் தொட்டியில் மோந்தார். வாசலுக்கு வருவதற்குள் பாதி சிந்திவிட்டது. மீதியை ஊற்றினார். மறுபடி போய் மோந்தார். ஏழெட்டுத் தடவை நடந்தார். கடைசித் தடவை விரல்கள் செம்பின் கழுத்தைப் பிடித்திருந்ததை இரண்டு பேருமே பார்த்திருக்கிறார்கள். அக்கா கை கழுவி, பையைத் திறந்து, வழக்கம்போலக் கட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தார். படுத்தார் என்று சொல்லக்கூடாது. மூன்றாம் நாள் கம்பளிச் சட்டையோடு வந்து நின்றார். மட்கார்டு இரண்டையும் கழற்றிவிட்டிருந்தார். அன்றிலிருந்து மழை வந்தால் அவர் சேலையின் பின்பக்கம் முழுக்கச் சேற்றுப் புள்ளியாகத்தான் இருக்கும்.

பேச்சியம்மாள் இன்றைக்குத் தன் ஊர்ச் சத்துணவுக்கூடத்தில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் அம்புட்டுப் பேருக்கும் அவர்தான் கரண்டி பிடித்துப் பரிமாறுகிறார்.

அக்காவிடம் குறையே கிடையாது என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் அக்காவே சிரிப்பார். பிடிவாதக்காரர். யார் சொல்லும் காதில் ஏறாது. புண்ணைச் சொறிந்து வைத்திருந்தால், எம்புட்டுப் பெரிய ஆளாக இருந்தாலும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஏசுவார். தன் உடம்பைப் பற்றி யாராவது விசாரித்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அவர் கணவர் சுப்பையா அண்ணன் ஆமத்தூரில் மக்காச்சோளம் போடுகிறவர், அதிகம் பேசாதவர். "எங்க வீட்டுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாப் போதும்" என்று அவர் கேலியாகச் சொன்னதை ஒரு கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் இருக்கிற மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டார். அக்கா போய் ஒரு வாரம்கூட இருந்ததில்லை.

இனி நான் எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பல நாள் யோசித்தேன்.

போன தை மாதம், ஒரு காலையில் பையை எடுக்க வந்த அக்கா, "ஏ ஜெயா, நெஞ்சு கரிச்சிக்கிட்டே இருக்கு. கேஸு மாத்திரை ஒண்ணு கொடு" என்றார். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் கொடுத்தேன். அப்புறம் அவர் கேட்பதற்கு முன்பே பையின் முன்பக்க அறையில் ஒரு அட்டையைப் போட்டுவைக்க ஆரம்பித்தேன். மாசியில் அவர் முகம் கொஞ்சம் வாடித் தெரிந்தது. ஆமத்தூர் ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதை ஒருநாள் ஸ்கூட்டரில் போகும்போது பார்த்தேன். பதினோரு வருடத்தில் அவர் அந்த ஏற்றத்தில் இறங்கி நான் பார்த்ததில்லை.

மறுநாள், "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை காட்டிருங்கக்கா" என்றேன்.

"எதிர்காத்து புள்ள. காத்து சும்மாவா அடிக்கி? பங்குனி தாண்டட்டும், பாப்போம்" என்றார்.

நானும் சரி என்றேன். டாக்டர் இருந்த அறைக்கும் மருந்தகத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எழுந்து போய் நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாக்கியம் அக்காவுக்கு ஒன்று வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மருந்து படித்தவள் நான். நெஞ்சு கரிப்பதும் மூச்சு வாங்குவதும் வேறு எதுவாகவும் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். கவுண்டருக்கு வருகிற வேறு எவராக இருந்தாலும் ஈசிஜி எடுக்காமல் விட்டிருக்க மாட்டேன்.

பங்குனி நான்காம் நாள் காலையில் அப்படியொரு பனி. நாரணாபுரத்தில் இரண்டு வீடுகளுக்குப் போய்விட்டு அக்கா மருத்துவமனைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. வெயில் கொளுத்தியது. அடுத்துப் போக வேண்டியது ஆமத்தூர் தாண்டி, தங்கவேல் என்பவர் வீட்டுக்கு. அவருக்கு வலது காலில் முழங்கால்வரை காயம்.

"வெயில் தாழப் போங்கக்கா" என்றேன்.

"மேக்க லேசா இருட்டுது பாரு. மழைக்கு முன்ன போய் முடிச்சிருதேன். அப்பிடியே வீட்டுக்குப் போயிருவேன்" என்றார். பையை வாங்கிக்கொண்டார். முன்பக்க அறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இரண்டரை மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. கவுண்டரில் கூட்டம். காற்றின் இரைச்சலில் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "ஜெயா, காத்து ஆளத் தள்ளுது புள்ள. கொஞ்சம் நின்னுதான் போகணும். தங்கவேல் வீட்டுக்கு லேட்டாகும்னு ஒரு போன் போட்டுச் சொல்லிரு. தண்ணி கொதிக்க வச்சிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பாக."

"சரிக்கா" என்றேன். வைத்துவிட்டேன். சீட்டை நீட்டிக்கொண்டு நின்றவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தேன். தங்கவேல் வீட்டுக்குப் போன் போட மறந்துபோனேன்.

டிராக்டர்காரர் சொன்ன இடத்துக்கு டாக்டரும் நானும் காரில் போனோம். மழை பெய்து விட்டிருந்தது. சைக்கிளை ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தார். தான் போர்த்திக்கொள்ள வைத்திருந்த பிளாஸ்டிக் தாளைப் பையின் மேல் போர்த்தி, நான்கு முனையும் பறக்காதபடி கேரியரோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அவர் பக்கத்திலிருந்த மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சேலை முழுக்க நனைந்திருந்தது. டாக்டர் குனிந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது, மாரடைப்பாகத்தான் இருக்கும் என்றார். நான் தாளை அவிழ்த்துப் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. முன்பக்க அறையில் அட்டையில் ஒரு மாத்திரைதான் மீதி இருந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஆமத்தூரில் எடுத்தார்கள். அன்றைக்கு வானம் எந்தச் சேட்டையும் பண்ணவில்லை. பனி இல்லை, காற்று இல்லை, மாமூலான வெயில். அந்த வெயிலில் வீட்டுக்கு எதிரே நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். கல்யாணம் காட்சிக்குக்கூட வெளியே வராதவர்கள். கழுத்துவரை துண்டைச் சுற்றிக்கொண்டவர்கள், முழுக்கைச் சட்டை போட்ட பெண்கள், ஒரு காது இல்லாதவர்கள், கோலூன்றி நின்றவர்கள். அவர்களுடைய தோலுக்கு வெயில் ஆகாது. நிழலுக்கு வரச் சொல்லிப் பலர் கூப்பிட்டார்கள். அவர்கள் நகரவில்லை. அக்காவைத் தூக்கும்வரை அங்கேயே நின்றார்கள். பேச்சியம்மாள் மாலையைத் தன் கையாலேயே போட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு சுப்பையா அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லாமல் அந்த ஊரை விட்டுப் போக என்னால் முடியவில்லை.

"அண்ணே, அக்கா ரெண்டு மாசமா எங்கிட்ட கேஸ் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாக. நான்தான் கொடுத்தேன். டாக்டர்கிட்ட நான் சொல்லல."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுலயும் அதத்தான் சொன்னா" என்றார். "நெஞ்சு கரிக்குன்னா. நான் ஓமத்தண்ணி வச்சிக் கொடுத்தேன். தெனமும் கொடுத்தேன் தாயி."

அவர் மன்னித்தார் என்று நான் எழுதவில்லை. எங்கள் இரண்டு பேரிடமும் அக்கா சொல்லியிருந்தார், அது எங்களுக்குத் தெரியும் என்பது மட்டும்தான் மிச்சம்.

அதற்கடுத்த நாள் தங்கவேல் அண்ணன் வீட்டுக்கு நான் போனேன். ஸ்கூட்டரில், பையை முன்னால் வைத்துக்கொண்டு. எனக்குக் கட்டுப் போடத் தெரியும், படிக்கும்போது பழகியிருக்கிறேன். ஆனால் இத்தனை வருடத்தில் செய்ததில்லை. மைல்கல்லைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவருடைய மனைவி வாசலில் நின்றிருந்தார். கண் வீங்கியிருந்தது. "அன்னைக்கு நாங்க ரொம்ப நேரம் பாத்தோம்" என்றார். "தண்ணி ஆறிப்போச்சேன்னு ரெண்டு தடவ திரும்பக் கொதிக்க வச்சேன். வாராகளா இல்லையான்னு ஒரு போன் இல்லையேன்னு வஞ்சும்புட்டேன். பாவி." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"போன் பண்ணச் சொல்லி அக்கா எங்கிட்ட சொன்னாக. நான்தான் மறந்துட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் புதிதாகக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். கை கழுவிக்கொண்டேன். தங்கவேல் அண்ணன் காலை நீட்டினார்.

முழங்காலிலிருந்து பாதம்வரை வரிவரியாக, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று சரிபாதி ஏறி, ஒரே சீராகச் சுற்றிய கட்டு. இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. ஓரத்தில் பிளாஸ்திரியின் முனையை உள்பக்கமாகக் கொஞ்சம் மடித்து ஒட்டியிருந்தது, அவிழ்க்கிறவர்களுக்கு நகம் பட எளிதாக இருக்கட்டும் என்று. அக்கா நான்கு நாளைக்கு முன்பு கட்டியது. அவர் கையால் கட்டி, இன்னும் அவிழ்க்காமல் மிச்சமிருந்த கட்டுகளில் அதுவும் ஒன்று.

"அவுக்கணுமா?" என்று கேட்டார் தங்கவேல் அண்ணன்.

"அவுக்கணும்ணே. நாளாயிருச்சு."

மடித்த முனையைப் பிடித்து மெல்ல உரித்தேன். சுற்றுச் சுற்றாக எடுத்தேன். கடைசி அடுக்கு புண்ணோடு ஒட்டியிருந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டு அது ஊறட்டும் என்று காத்திருந்தேன். துணி தானாக விட்டு வந்தது. கீழே புதுத்தோல் கட்டியிருந்தது, இளஞ்சிவப்பாக, கையகலத்துக்கு.

போய்வாருங்கள் அக்கா. தங்கவேல் அண்ணன் கால் ஆறிவருகிறது. நாளை மறுநாள் மறுபடி போவேன்.